ஃபாஸ்ட் லென்ஸும் ஊதா விளிம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃப் 1.4, எஃப் 1.8 போன்ற ஃபாஸ்ட் லென்ஸ் (எஃப் எண் சிறியது, அதனால் ஒளியை அதிகம் உள்ளே விடும்) ஒன்றை வாங்கி, அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுசாகத் திறந்து எடுக்க ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே சந்திக்கும் சிக்கல் இது. பளிச்சென்ற இடமும் இருண்ட இடமும் சேரும் விளிம்பில் ஒரு ஊதாக் கோடு. சில படங்களில் பச்சை. பலரும் இதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இதில் பெரும்பகுதி ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் என் கருத்து. எடிட்டிங்கில் செய்வது மிச்சத்தைத் துடைப்பது மட்டும்.

தென்னை ஓலை ஓரமெல்லாம் ஊதாவாக இருக்கிறது. லென்ஸ் பழுதா?

பழுது இல்லை. வெளுத்த வானத்துக்கு எதிரே ஓலையை வைத்து எஃப் 1.4-இல் எடுத்தால், சாதாரண 50 எம்எம், 85 எம்எம் லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் இது வரும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கே சரிசெய்ய ஒன்றும் இருக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. படத்தின் நட்ட நடுவிலேயே ஒரு பொருளின் இடது விளிம்பில் ஒரு நிறமும் வலது விளிம்பில் வேறொரு நிறமும் தெரிந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கலாம். கீழே விழுந்து எழுந்த லென்ஸ்களில் இப்படி ஆகும். அதைக் காட்ட வேண்டியதுதான்.

எதனால் வருகிறது?

கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே அளவுக்கு வளைப்பதில்லை. பிளஸ் டூ இயற்பியலில் படித்த நிறப்பிறழ்ச்சிதான். லென்ஸ்களில் பரவலாகப் பயன்படும் பிகே7 என்ற கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். 656 நானோமீட்டர் சிவப்புக்கு அதன் ஒளிவிலகல் எண் 1.5143. 486 நானோமீட்டர் நீலத்துக்கு 1.5224. வித்தியாசம் மூன்றாவது தசமத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடியில் ஒரே ஒரு வில்லையாக 50 எம்எம் லென்ஸ் செய்தால், நீலம் குவிகிற இடத்துக்கும் சிவப்பு குவிகிற இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் இடைவெளி விழும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமே 0.006 மில்லிமீட்டர்தான். அந்தப் படத்தில் கூர்மை என்று எதுவும் மிஞ்சாது.

இதைச் சமாளிக்க, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி ஒன்றையும் அதிகமாகப் பிரிக்கும் கண்ணாடி ஒன்றையும் ஜோடி சேர்த்தார்கள். 1730-களில் இங்கிலாந்தின் செஸ்டர் மூர் ஹால் இதைச் செய்தார். 1758-இல் ஜான் டோலண்ட் காப்புரிமை பெற்றுப் பரவச் செய்தார். இந்த ஜோடி இரண்டு நிறங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். மற்ற நிறங்கள் கொஞ்சம் தள்ளித்தான் குவியும். இன்று நாம் படத்தில் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான்.

அந்த மிச்சம் ஏன் ஊதாவாகவே இருக்கிறது?

சாதாரண லென்ஸ் ஒன்றில் நிறங்கள் குவியும் இடங்களை வரைந்து பார்த்தால், நடுவில் உள்ள பச்சை லென்ஸுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் குவியும். இரண்டு கோடியிலும் இருக்கிற சிவப்பும் ஊதாவும் அதற்குப் பின்னால் குவியும். வெளிச்சமாக நம் கண்ணில் படுவது பெரும்பாலும் பச்சைதான் என்பதால் ஃபோகஸும் பச்சைக்கு ஒட்டியே அமைகிறது. ஆக, சென்சாரில் பச்சை கூர்மையாக விழ, சிவப்பும் ஊதாவும் லேசாகப் பரவி விழுகின்றன. பச்சை போக மீதி நிறங்கள் கலந்தால் கிடைப்பது மெஜந்தா. அதிலும் 400 முதல் 430 நானோமீட்டர் வரையுள்ள ஊதாக் கோடியில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் செங்குத்தாக ஏறுவதால் அந்தப் பகுதிதான் அதிகம் பரவுகிறது. அதனால் மெஜந்தா நீலம் பக்கம் சாய்ந்து, நமக்குப் பழக்கமான ஊதாவாகத் தெரிகிறது.

ஸூம் லென்ஸில் இவ்வளவு இல்லையே. ஃபாஸ்ட் லென்ஸில் மட்டும் ஏன்?

கணக்குப் போட்டால் உடனே விளங்கும். ஒரு லென்ஸில் ஊதா, பச்சையைவிட 0.05 மில்லிமீட்டர் பின்னால் குவிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சென்சாரில் எவ்வளவு அகலத்துக்குப் பரவும் என்றால், அந்த இடைவெளியை எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். எஃப் 1.4-இல் 0.036 மில்லிமீட்டர், அதாவது சுமார் ஆறு பிக்சல். எஃப் 2.8-இல் மூன்று பிக்சல். எஃப் 5.6-இல் ஒன்றரை பிக்சல்.

லென்ஸில் நிறம் பிரியும் அளவு மாறவே இல்லை. ஒளிக்கதிர்கள் எவ்வளவு அகலமான கூம்பாக வந்து விழுகின்றன என்பதுதான் மாறியது. எஃப் 4 ஸூம் லென்ஸ் தப்பித்ததற்கு அது உயர்ந்த லென்ஸ் என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதன் கூம்பு ஒடுங்கியது, அவ்வளவுதான்.

ஃபோகல் லெங்க்த் கூடினாலும் பிரிவு கூடும். அதனால்தான் 35 எம்எம் எஃப் 1.4-ஐவிட 85 எம்எம் எஃப் 1.4-இல் இது அதிகம் கண்ணில் படுகிறது.

அப்படியானால் படம் முழுக்க வர வேண்டுமே. பளிச்சென்ற விளிம்பில் மட்டும் ஏன்?

படம் முழுக்க வரத்தான் செய்கிறது. பளிச்சென்ற இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வானத்தின் வெளிச்சத்தில் 5 சதவீதம் ஊதாவாகப் பரவி ஓலையின் இருண்ட ஓரத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் தாங்கக்கூடிய உச்சத்தில் சரியாக வானம் நிற்கும்படி எக்ஸ்போஷர் வைத்தால், ஓரத்தில் விழும் ஊதா அந்த உச்சத்தில் 5 சதவீதம். இருட்டோடு இருட்டாகப் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இப்போது ஓலைக்கு விவரம் வேண்டும் என்று மூன்று ஸ்டாப் ஏற்றுகிறோம். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். வானம் சென்சாரின் உச்சத்தைப்போல் எட்டு மடங்கு ஆகிறது. சென்சாருக்கு அது தெரியாது. உச்சத்துக்கு மேல் எல்லாமே அதற்கு வெள்ளைதான். ஆனால் ஓரத்தில் விழுந்த 5 சதவீதமும் எட்டு மடங்காகி 40 சதவீதம் ஆகிவிட்டது. அதுவும் வானம் அல்லாத இடத்தில், முழு நிறத்தோடு. வானம் வெள்ளையாகவே நிற்க, அதன் பக்கத்தில் திடீரென்று கெட்டியான ஊதா முளைக்கிறது.

கல்யாண வீட்டில் இதே கதை நெற்றிச்சுட்டிக் கல்லிலும் மூக்குத்தியிலும் நடக்கும். வீடியோ லைட் கல்லில் பட்டுத் தெறிக்கும் அந்தச் சின்னப் புள்ளி முகத்தைவிட எத்தனையோ மடங்கு பிரகாசம். முகத்துக்குச் சரியான எக்ஸ்போஷரில் கல்லைச் சுற்றி ஊதா வளையம் நிற்கும். குத்துவிளக்கின் வளைவுகளில் மின்னும் கோடுகள், மூக்குக்கண்ணாடியின் ஃப்ரேம், ஜன்னல் கம்பி, தண்ணீரில் வெயில் பட்டுச் சிதறும் புள்ளிகள் எல்லாம் இதே ரகம்.

என் படத்தில் ஊதா மட்டும் இல்லை, பின்னால் இருப்பவை பச்சையாகவும் தெரிகின்றன. அது என்ன?

அதே சங்கதிதான், ஃபோகஸ் தளத்துக்கு வெளியே நடக்கிறது. ஃபோகஸ் ஆன இடத்துக்கு முன்னால் இருப்பவற்றின் விளிம்பில் மெஜந்தாவும், பின்னால் இருப்பவற்றின் விளிம்பில் பச்சையும் வரும். இதை முன்–பின் வகை என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டிலேயே பார்க்கலாம். மேஜைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து, லென்ஸை முழுசாகத் திறந்து, பக்கவாட்டில் சாய்வாக நின்று நடு வரி ஒன்றில் ஃபோகஸ் செய்து எடுங்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், உங்கள் பக்கம் உள்ள எழுத்துகள் மெஜந்தாச் சாயலோடும், அந்தப் பக்கம் உள்ளவை பச்சைச் சாயலோடும் இருக்கும். நிறமே இல்லாத அந்த ஒரு வரிதான் ஃபோகஸ். புதிதாக எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். அந்த லென்ஸ் எப்படிப்பட்டது என்று விளம்பரத்தைவிட இந்த ஒரு படம் அதிகம் சொல்லும்.

மண்டபத்தில் பின்னணியில் சீரியல் விளக்குகள் உருண்டை உருண்டையாக மங்கும்போது அவற்றைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிவதும் இதனால்தான்.

ஃப்ரேமின் மூலைகளில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலப்பச்சை வருகிறது. இதுவும் அதேவா?

இல்லை. இது பக்கவாட்டு வகை. இங்கே எல்லா நிறங்களும் சென்சார்மேல் கூர்மையாகத்தான் குவிகின்றன. ஆனால் ஒவ்வொரு நிறமும் படத்தைக் கொஞ்சம் வெவ்வேறு அளவில் வரைகிறது. சிவப்புப் படம் ஒரு துளி பெரிது, நீலப் படம் ஒரு துளி சிறிது என்பது போல. நடுவில் ஒன்றுமே தெரியாது. ஓரம் போகப்போக விலகல் கூடும்.

அப்பர்ச்சரைக் குறைத்தால் முன்–பின் வகை அடங்கும். பக்கவாட்டு வகை எஃப் 8-இலும் அப்படியே நிற்கும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல வழி இல்லை. சந்தேகம் வந்தால் ஒரே காட்சியை முழுத் திறப்பிலும் எஃப் 8-இலும் எடுத்துப் பாருங்கள்.

பக்கவாட்டு வகையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். சிவப்பு, நீலப் படங்களை மென்பொருள் சரியான அளவுக்கு நீட்டிச் சுருக்கினால் போய்விடும். படத்தின் விவரம் எதுவும் சேதமாகாது.

காரணம் சென்சார் என்று சொல்கிறார்களே?

டிஜிட்டல் கேமரா பரவிய காலத்தில் சென்சார்மேல் உள்ள நுண் லென்ஸ்களைக் குற்றம் சொல்வது வழக்கமாக இருந்தது. சென்சாருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. நீலப் பிக்சல்கள் 400 நானோமீட்டர் பக்கத்து ஒளியையும் வாங்கிக்கொள்கின்றன. லென்ஸ் மிக மோசமாகக் குவிக்கும் பகுதி அதுதான். உச்சம் தொட்ட பிக்சல்களின் பக்கத்தில் நிறத்தைக் கணக்கிடும்போதும் பிழை சேரும்.

ஆனால் ஒரே கேமரா பாடியில் லென்ஸை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒன்றில் ஊதா கொட்டும், இன்னொன்றில் தேடினாலும் கிடைக்காது. சென்சார் மாறவில்லையே. முதல் காரணம் லென்ஸ்தான்.

ஃபிலிமில் எடுத்த காலத்தில் இதைப் பார்த்ததில்லையே?

அன்று நாம் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. தபால் அட்டை அளவுப் பிரிண்ட்டில் பார்த்துவிட்டு ஆல்பத்தில் செருகிவிடுவோம். இன்று 24 மெகாபிக்சல் படத்தை 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், ஐந்தடிக்கு மேல் அகலமான பிரிண்ட் ஒன்றின் ஒரு மூலையை மூக்கால் தொடும் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். அப்புறம், ஃபிலிம் உச்ச வெளிச்சத்தை மெதுவாக வளைந்து ஏற்றுக்கொள்ளும். சென்சார்போல் ஒரே கோட்டில் வெட்டிவிடாது. விளிம்பு அங்கே இவ்வளவு கூர்மையாகத் துருத்திக்கொண்டு தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

யூவி ஃபில்டர் போட்டால் போகுமா?

சாதாரண யூவி ஃபில்டரால் பெரிய மாற்றம் இருக்காது. புற ஊதாவைத் தடுக்கும் அடுக்கு சென்சாருக்கு முன்னாலேயே இருக்கிறது. நமக்குத் தொல்லை தருவது கண்ணுக்குத் தெரியும் ஊதா. வெளிர் மஞ்சள் ஃபில்டர் அதை வெட்டும், ஆனால் படம் முழுக்க மஞ்சளேறி, ஒயிட் பேலன்ஸைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் பரிந்துரைக்க மாட்டேன். மட்டமான ஃபில்டராக இருந்தால் விளக்குகளுக்கு எதிரே பிரதிபலிப்பு வேறு வந்து சேரும்.

படமெடுக்கும்போது என்னதான் செய்யலாம்?

முதலில் எக்ஸ்போஷர். மேலே சொன்ன எட்டு மடங்குக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: ஒரு ஸ்டாப் இறக்கினாலே ஓரத்தில் விழும் ஊதா பாதியாகிறது. ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்து, பின்னணி வெளுக்காத அளவுக்கு இறக்கி, இருட்டைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். எந்த இடம் உச்சம் தாண்டுகிறது என்பதை கேமராவின் ஸீப்ரா கோடுகளோ, பளிச்பளிச்சென்று மின்னும் ஹைலைட் எச்சரிக்கையோ காட்டிக்கொடுக்கும். அதை எப்போதும் ஆன் செய்து வையுங்கள்.

அடுத்தது அப்பர்ச்சர். எஃப் 1.4-இலிருந்து எஃப் 2-க்கு வந்தால் பரவல் சுமார் 30 சதவீதம் குறையும். எஃப் 2.8-க்கு வந்தால் பாதி. உச்சி வெயிலில், வெளுத்த வானத்துக்கு எதிரே எஃப் 1.4 எதற்கு என்று ஒரு தரம் யோசியுங்கள். பின்னணியில் மங்கலாக்க ஒன்றுமே இல்லை, வெறும் வானம்தானே. எஃப் 4 வைத்தாலும் அது அதே வெள்ளைதான். ஃபாஸ்ட் லென்ஸ் என்றாலே முழுத் திறப்பில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் ஊறிவிட்டது. மண்டபத்து இருட்டுக்கும் சாயங்கால வெளிச்சத்துக்கும் அந்தத் திறப்பை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நிற்கும் இடம். இதற்குச் செலவே இல்லை, ஆனால் கிடைக்கும் பலன் மற்ற இரண்டுக்கும் குறைந்ததில்லை. வானம் பின்னால் வருவதற்குப் பதில் ஒரு சுவரோ மரத்தின் நிழலோ வருமாறு இரண்டடி நகர்ந்தால் சிக்கலே எழாது. ஜன்னலுக்கு முன்னால் மணப்பெண்ணை நிறுத்தினால் முடியின் ஒவ்வொரு இழையும் ஊதாவாகும். அதே ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்தால் வெளிச்சமும் அழகு, விளிம்பும் சுத்தம். எதிர் வெளிச்சம்தான் வேண்டும் என்றால், முன்னாலிருந்து ஃப்ளாஷோ ரிஃப்ளெக்டரோ கொடுத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறையுங்கள்.

ஃபோகஸையும் கவனிக்க வேண்டும். கண்ணில் ஃபோகஸ் செய்யும்போது அதற்கு முன்னால் துருத்தி நிற்கும் மூக்குத்தி, மெஜந்தா வரும் பக்கத்தில் இருக்கிறது. முகம் கேமராவுக்கு நேராக இருந்தால் ஒரு ஸ்டாப் குறைத்தாலே இரண்டும் கூர்மைக்குள் வரக்கூடும்.

விலை அதிகமான லென்ஸ் வாங்கினால் போய்விடுமா?

குறையும். எவ்வளவு என்பது விலையைவிட உள்ளே என்ன கண்ணாடி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் தன்மையை ஆபே எண் என்று அளக்கிறார்கள். எண் கூடக்கூட நல்லது. பிகே7-க்கு 64. ஃபுளோரைட் படிகத்துக்கு 95. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எர்ன்ஸ்ட் ஆபே தன் மைக்ராஸ்கோப் லென்ஸ்களில் இயற்கை ஃபுளோரைட்டைப் பயன்படுத்தினார். கேமரா லென்ஸுக்குப் போதுமான பெரிய படிகம் இயற்கையில் கிடைப்பது அரிது என்பதால் செயற்கையாக வளர்க்க வேண்டியிருந்தது. 1969-இல் கேனன் 300 எம்எம் எஃப் 5.6 லென்ஸில் அதை வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஃபுளோரைட்டுக்குக் கிட்டத்தட்ட இணையான ஈடி கண்ணாடிகள் வந்தன. 2015-இல் கேனன் தன் 35 எம்எம் எஃப் 1.4-இன் இரண்டாம் பதிப்பில், நீல ஒளியை மட்டும் கூடுதலாக வளைக்கும் ஒரு கரிமப் பொருளை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தது. குறிவைத்தது இந்த ஊதா விளிம்பைத்தான்.

பெயரில் அபோ என்று இருக்கும் லென்ஸ்கள் மூன்று நிறங்களையாவது ஒரே இடத்தில் குவிக்க முயல்பவை. ஆனால் எடையைப் பாருங்கள். பழைய 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ்கள் பல 300 கிராமுக்கும் குறைவு. நிறப்பிழையை ஏறக்குறைய ஒழித்துக்கட்டிய, சைஸ் (Zeiss) நிறுவனத்தின் ஓட்டஸ் 55 எம்எம் எஃப் 1.4, 2013-இல் வந்தபோது சுமார் ஒரு கிலோ, ஆட்டோஃபோகஸும் கிடையாது. ஃபோய்க்ட்லாண்டரின் 50 எம்எம் அபோ-லந்தர் சிறியது, அருமையாகத் திருத்தப்பட்டது, ஆனால் எஃப் 2-உடன் நின்றுகொள்கிறது. வேகம், எடை, விலை, நிறச்சுத்தம் நான்கும் ஒரே லென்ஸில் சேர்ந்து கிடைப்பதில்லை.

ஊதா விளிம்புக்காக மட்டும் லென்ஸ் மாற்ற நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் எக்ஸ்போஷரையும் திறப்பையும் மாற்றிக் கொஞ்ச காலம் எடுத்துப் பாருங்கள்.

லைட்ரூமில் எப்படி நீக்குவது?

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமின் லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பகுதியில் இரண்டு தனித்தனி வசதிகள் இருக்கின்றன. பலர் ஒன்றை மட்டும் டிக் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். ப்ரொஃபைல் தாவலில் உள்ள ரிமூவ் க்ரோமேட்டிக் அபரேஷன் பக்கவாட்டு வகைக்கு. மேனுவல் தாவலில் உள்ள டீஃப்ரிஞ்ச் முன்–பின் வகைக்கு. இது 2012-இல் லைட்ரூம் 4.1-இல் வந்தது. ஃபாஸ்ட் லென்ஸ் ஊதாவுக்கு நமக்கு வேண்டியது இரண்டாவது.

படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, டீஃப்ரிஞ்ச் பக்கத்தில் உள்ள ஐட்ராப்பரை எடுத்து ஊதாக் கோட்டின்மேல் ஒரு தரம் தட்டினால் நிற எல்லையையும் அளவையும் அதுவே வைத்துக்கொள்ளும். அளவு 0 முதல் 20 வரை போகும். 20-க்கு ஏற்றிவிட்டுப் படிப்படியாக இறக்கி, ஊதா திரும்பத் தலைகாட்டும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். ஊதா போன இடத்தில் சாம்பல் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

டீஃப்ரிஞ்ச் போட்டதும் புடவையின் நிறம் போய்விட்டதே!

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். காரணம், இது வாடிக்கையாளரின் கண்ணில் படும் தவறு.

டீஃப்ரிஞ்ச் விளிம்புகளைத் தேடி, அங்கே குறிப்பிட்ட நிறம் இருந்தால் வெளுக்க வைக்கும். வாடாமல்லி நிறத்தில் ஜரிகை பார்டர் போட்ட காஞ்சிபுரம் பட்டை அதன் பார்வையில் பாருங்கள். தங்க இழை, வாடாமல்லி இழை, மறுபடி தங்க இழை. பார்டர் முழுக்க விளிம்புகள்தான்! ஒவ்வொரு தங்க இழையின் பக்கத்திலும் இருக்கும் வாடாமல்லியை அது ஃப்ரிஞ்ச், அதாவது நிற விளிம்பு, என்று நினைத்துச் சாம்பலாக்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பார்டர் மங்கி, பலமுறை துவைத்த புடவைபோல் ஆகிவிடும். கத்தரிப்பூ நிறப் புடவை மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியைத் தொடும் இடத்தில் கோடு போட்டதுபோல் சாம்பல் விழும். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் குடும்பமே கடை கடையாக ஏறி இறங்கியிருக்கும்.

வழி இருக்கிறது. பிரஷ்ஷை எடுத்து அதில் உள்ள டீஃப்ரிஞ்ச் ஸ்லைடரை மைனஸ் 100-இல் வைத்துப் புடவைமேல் பூசினால், முழுப் படத்துக்கும் போட்ட டீஃப்ரிஞ்ச் அந்த இடத்தில் மட்டும் வேலை செய்யாது. இன்னும் நல்லது, முழுப் படத்துக்குப் போடாமல் நெற்றிச்சுட்டி, ஜன்னல் கம்பி என்று தேவையான இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் பிளஸ் பக்கம் பூசுவது. ஒரு கல்யாணத்தின் மொத்தப் படங்களுக்கும் ஒரே ப்ரீசெட்டில் டீஃப்ரிஞ்சைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பூ, நகை, பட்டு மூன்றிலும் ஊதாவும் மெஜந்தாவும் நிறைந்த ஊர் நம்முடையது.

இலவச மென்பொருளில் முடியுமா?

தாராளமாக. டார்க்டேபிளிலும் ராதெரபியிலும் இரண்டு வகைக்கும் தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. ராதெரபியின் டீஃப்ரிஞ்சில் எந்த நிறங்களைத் தொடலாம் என்பதை ஒரு வளைவு வரைந்தே சொல்லலாம். பட்டுப் புடவை விஷயத்தில் இது உண்மையிலேயே உதவும்.

ஜேபெக்கில் எடுத்தால் கேமராவே சரிசெய்துவிடாதா?

பக்கவாட்டு வகையைப் பல கேமராக்கள் தாமாகவே சரிசெய்துவிடும். முன்–பின் ஊதாவை அப்படி நம்பிவிட முடியாது.

கறுப்பு வெள்ளையாக மாற்றினால் தீர்ந்துவிடும்தானே?

நிறம் போகும், பரவல் போகாது. ஊதா இருந்த இடத்தில் லேசான வெண்புகை நிற்கும். மாற்றும்போது ஊதா, நீலம், மெஜந்தா ஸ்லைடர்களை இறக்கி, பச்சையை அதிகம் நம்பி மாற்றினால் விளிம்பு நன்றாகக் கூர்மையாகும். பச்சைதான் சரியாகக் குவிந்த நிறம்.

போனில் விளக்குக்கு எதிரே எடுத்தால் ஊதாப் புகை வருகிறது. அதுவும் இதேவா?

பெரும்பாலும் இல்லை. விளிம்பை ஒட்டி மெல்லிய கோடாக இருந்தால்தான் ஃப்ரிஞ்ச். ஃப்ரேமின் ஒரு மூலையிலிருந்து புகைபோல் பரந்து வந்தால் அது ஃப்ளேர், லென்ஸுக்குள் சிதறும் ஒளி. 2012-இல் ஐஃபோன் 5 வந்தபோது இந்த ஊதாப் புகை பெரிய பேச்சானது. போனைச் சற்றுத் திருப்பியோ, விளக்கைக் கையால் மறைத்தோ எடுங்கள் என்பதுதான் ஆப்பிள் தந்த யோசனை. இன்றைக்கும் அதே வைத்தியம்தான்.

நிலா, நட்சத்திரம் எடுக்கும்போது?

நட்சத்திரம்தான் இருப்பதிலேயே கடுமையான சோதனை: கறுப்பு வானத்தில் ஒரு வெண்புள்ளி. முழுத் திறப்பில் ஒவ்வொரு பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றியும் ஊதாப் பந்து நிற்கும். வானத்தை எடுப்பவர்கள் எஃப் 1.4 லென்ஸை எஃப் 2.8-க்கு இறக்குவது இதற்கும் சேர்த்துத்தான்.

வானியலாளர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தார்கள். கண்ணாடி வில்லை இருக்கும்வரை நிறம் பிரியும் என்று கருதிய நியூட்டன், 1668-இல் குழியாடி வைத்த தொலைநோக்கியைச் செய்தார். ஒளி உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பினால் நிறம் பிரிய வாய்ப்பில்லை. ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.3 மீட்டர் ஆடியும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆல்பத்தில் பிரிண்ட் போட்டால் தெரியுமா?

24 மெகாபிக்சல் படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் போட்டால், ஆறு பிக்சல் கோடு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கையில் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியும். மூன்று பிக்சல் என்றால் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, தேடுபவருக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் போகிற படத்துக்கு மணிக்கணக்காக உட்கார்ந்து ஊதா துடைக்க வேண்டியதில்லை. முன் பக்கத்தில் வரும் பெரிய க்ளோசப்புக்கு உட்காரலாம்.

செகண்ட் ஹேண்டில் லென்ஸ் வாங்கப் போகிறேன். கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்குள்ளிருந்து வாசல் பக்கம் திரும்பி, வெயிலுக்கு எதிரே ஷட்டர் கம்பியோ மரக்கிளையோ இருந்தால் முழுத் திறப்பில் ஒன்று, எஃப் 2.8-இல் ஒன்று, எஃப் 8-இல் ஒன்று எடுங்கள். மூன்றிலும் எக்ஸ்போஷர் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. பிறகு கவுன்டரில் கிடக்கும் பில் புத்தகத்தைச் சாய்வாக ஒன்று. எஃப் 2.8-இல் ஊதா பெரும்பாலும் அடங்கிவிட்டால் தைரியமாக வாங்கலாம். எஃப் 8-இல் மூலைகளில் மட்டும் நிறம் நின்றால் அதுவும் பரவாயில்லை, மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் நிறம் நின்றால் விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.